நன்னடத்தை அலுவலரும் ஊர்ப் பாதுகாப்பும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குடும்ப வாழ்வு, இளைஞர் கல்வி, மதுவிலக்கு என்ற தலைப்புகளுக்கு நடுவே எங்கள் தலைப்பையும் பங்குத் தந்தை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, “நன்னடத்தை அலுவலர்னு போட்டிருக்கே, அது யாருய்யா? போலீசா, வக்கீலா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றோம். “அப்போ திருடனுக்குப் பரிஞ்சு பேசுறவங்களா?” என்றார். அதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வந்திருக்கிறோம். ‘நாங்கள்’ என்று சொல்லும்போது, பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாகிய நன்னடத்தை அலுவலர்கள் சிலரை மனத்தில் வைத்துச் சொல்கிறோம். சொல்லப்போகும் நிகழ்ச்சிகளில் ஊரையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறோம். எங்கள் அறிக்கைகள் இரகசியமானவை என்பது சட்டம்.

பாதுகாப்பு என்றவுடன் நம் கண்முன் வருவது உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும்தான். மதில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சிறைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வருகிறார்கள். மூன்று மாதத்தில் வருகிறார்கள், இரண்டு ஆண்டில் வருகிறார்கள். புழலிலிருந்தோ, திருச்சியிலிருந்தோ, பாளையங்கோட்டையிலிருந்தோ பஸ் ஏறி அவர்கள் வந்து இறங்குவது நம் ஊர் நிறுத்தத்தில்தான். அன்று இரவு அவன் எங்கே சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான், மறுநாள் காலையில் யாரைத் தேடிப் போகிறான் என்பதெல்லாம் யாருக்காவது தெரியுமா? தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று அரசு நியமித்த ஆள்தான் நாங்கள்.

1958-ஆம் ஆண்டில் மத்திய அரசு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை இயற்றியது. நமது மாகாணத்திலோ அதற்கு முன்பே, 1936-லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், குற்றம் நிரூபிக்கப்பட்டவரையும் சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வெளியே விடலாம். வேண்டுமானால் எங்கள் கண்காணிப்பில் விடலாம். அந்தக் கண்காணிப்பு ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது. 21 வயதுக்குட்பட்டவர் இப்படிப்பட்ட குற்றத்தில் சிக்கினால், அவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நீதிமன்றம் எங்கள் அறிக்கையைக் கேட்க வேண்டும். அப்படியும் சிறைதான் என்றால் காரணத்தை எழுத வேண்டும். 2023-இல் நிறைவேறி 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகும் இந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. புதிய சட்டம், 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமுதாயப் பணியையே தண்டனையாக்கியிருக்கிறது. நல்லதுதான். அந்தப் பணி ஒழுங்காக நடக்கிறதா என்று கூட நின்று பார்ப்பது யார் என்ற கேள்வி எங்களுக்கு உண்டு. அது வேறு கதை.

இந்தப் பணி தொடங்கிய விதத்தைக் கேட்டால், இங்கே இருக்கும் தொழிலாளிகளுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். தொடங்கியவர் நீதிபதி அல்லர், அதிகாரி அல்லர். செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்பவர் 1841-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒருநாள் நீதிமன்றத்தில் இருந்தார். கிழிந்த உடையோடு ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அகஸ்டஸ் அவனோடு சில நிமிடம் பேசிவிட்டு, தானே ஜாமீன் நின்றார். மூன்று வாரத் தவணை. குடிப்பதில்லை என்று அவனிடம் கையெழுத்து வாங்கினார். தவணை முடிந்து அவன் திரும்பி வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நீதிபதி ஒரு காசு அபராதமும் செலவும் விதித்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு 1859-இல் இறக்கும் வரை அகஸ்டஸ் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஜாமீன் நின்றார். ஊர் அவரைப் பாராட்டியது என்று நினைக்காதீர்கள். ஆள் ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால் கிடைக்கும் கட்டணம் போய்விட்டதே என்று நீதிமன்றப் பணியாளர்களே அவர்மேல் கோபப்பட்டார்கள். இங்கிலாந்தில் 1876-இல் ஓர் அச்சுத் தொழிலாளி மதுவிலக்குச் சங்கம் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பி, நீதிமன்றத்தில் நிற்பவர்களுக்காக ஏதாவது செய்யுங்கள் என்று எழுதினார். அங்கே இந்தப் பணி அப்படித்தான் தொடங்கியது. அந்தச் சங்கம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. கோயிலைச் சேர்ந்தவர்கள் செய்த வேலையைத்தான் 1907-இல் அந்நாட்டு அரசு சட்டமாக்கியது. ஆகவே இன்று ஒரு பங்கு மண்டபத்தில் நின்று இதைப் பேசுவது எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

சரி, அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். நாங்கள் திருடனுக்குப் பரிந்து பேசுகிறவர்களா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த 19 வயதுப் பையன், கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து துளை போடும் மெஷினையும் ஒரு சுருள் செம்புக் கம்பியையும் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். மெஷின் உடைக்கப்பட்ட பிறகுதான் பிடிபட்டார்கள். மாஜிஸ்திரேட்டு எங்கள் அறிக்கையைக் கேட்டார். வழக்கப்படி வீட்டுக்குப் போனோம். தாய் தெரு முனையில் இட்லி விற்பவர். தந்தை விட்டுப் போய் ஆறு வருடம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பள்ளி ஆசிரியரைப் பார்த்தோம், அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். நாலு பக்கம் எழுதினோம். கடைசியாக, ஒரு முறைக்காகப் பட்டறை முதலாளியைப் பார்க்கப் போனோம்.

அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மோர் கொடுத்தார். பிறகு கேட்டார்: “சார், உங்க ரிப்போர்ட்டு எத்தனை பக்கம்?” நாலு என்றோம். “அதுல என்னைப் பத்தி எத்தனை வரி?”

இரண்டு வரி எழுதியிருந்தோம். அதுவும் பொருளின் மதிப்பு. அவர் பதினோரு நாள் பட்டறையை மூடி வைத்திருந்ததும், தவணைக்கு வேலை முடியாமல் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வேறு பட்டறைக்குப் போனதும், இரவில் ஒரு சத்தம் கேட்டால் அவருடைய மனைவி எழுந்து உட்கார்ந்துவிடுவதும் எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் அன்று வெட்கத்தோடுதான் திரும்பினோம். அறிக்கையைத் திருப்பி எழுதினோம்.

அந்தச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. குற்றவாளியை வெளியே விடும்போதே, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதைக் கட்டி முடிக்க உதவுவது எங்கள் கடமைகளில் ஒன்று. பையன் மாதம் 500 ரூபாய் வீதம் 18 மாதத்தில் கட்ட வேண்டும் என்று ஆனது. பணத்தை மணியார்டரில் அனுப்ப நாங்கள் விடவில்லை. அவனே பட்டறைக்குப் போய்க் கொடுக்க வேண்டும். முதல் சில மாதம் முதலாளி முகம் கொடுக்கவில்லை. கணக்குப் பிள்ளையை விட்டு வாங்கிக்கொண்டார். ஆறாவது மாதம் இரண்டு நாள் பிந்திப் போனான். அன்று முதலாளியே வெளியே வந்து, “அஞ்சாந் தேதின்னா அஞ்சாந் தேதி வரணும். ஏழாந் தேதி என்னடா?” என்று சத்தம் போட்டாராம். பையன் எங்களிடம் வந்து அழுதான். எங்களுக்கோ உள்ளுக்குள் பெரிய நிம்மதி. அவர் தேதியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்!

அவனை அவர் திரும்ப வேலைக்குச் சேர்க்கவில்லை. அது அவருடைய உரிமை. நாங்கள் கேட்கவும் இல்லை. பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றிலிருந்து விசாரித்தபோது மட்டும், “கை வேலை சுத்தம். சாவியைக் கையில குடுக்காதீங்க” என்று உள்ளதைச் சொன்னார். அந்த முதலாளியும் அவனைச் சேர்த்துக்கொண்டார், சாவியைக் கொடுக்காமல். நாங்கள் எழுதிக் கொடுக்கும் எந்தச் சான்றிதழை விடவும் அந்த வார்த்தை நாணயமானது என்று நினைக்கிறோம்.

இப்போது தோற்றுப்போன கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு இந்த மேடையில் நிற்பது சரியல்ல.

22 வயது வாலிபன். முதல் குற்றம். வீடு நல்ல வீடு, தாய் கண்ணியமான பெண்மணி. வெளியே விடலாம் என்று எழுதினோம். மாதம் இருமுறை வீட்டுக்குப் போனோம். போகும்போதெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறான் என்று தாய் சொன்னார். துவைத்த சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டியவன் இருமுறை வரவில்லை. நிபந்தனையை மீறினால் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் அவனை வரவழைத்துப் பழைய குற்றத்துக்கே தண்டிக்கவும் முடியும். நாங்கள் தெரிவிக்கவில்லை. இன்னும் ஒரு தடவை பார்ப்போமே என்று விட்டோம். நாலாவது மாதம், விடியற்காலையில் பூ வாங்கிக்கொண்டு வந்த ஒரு மூதாட்டியின் கழுத்துச் சங்கிலியை அவன் அறுத்துக்கொண்டு ஓடினான். கீழே விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது.

அரசு மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தோம். போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நாங்கள் யார் என்று சொன்னதும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “அவன் நல்லவன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானாய்யா?” என்றார். ஆமாம் அம்மா என்றோம். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அவன் அந்த வீட்டில் படுத்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவமானத்துக்கு அஞ்சித் தாய் மறைத்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். தேநீர்க் கடைக்காரருக்குத் தெரியும். “நமக்கேன் சார் வம்பு” என்று இருந்துவிட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டோம். நாங்கள் போனதெல்லாம் பகல் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே. பகலில் எல்லா வீடும் நல்ல வீடுதான்! அன்று முதல் விளக்கு வைத்த பிறகு போகிறோம். சனிக்கிழமை கூலி வாங்கும் நேரத்தில் போகிறோம். தாயிடம் ஒரு வார்த்தை கேட்டால் தேநீர்க் கடையில் இரண்டு வார்த்தை கேட்கிறோம். இரண்டாவது கையெழுத்துத் தவறினால் அன்றே நீதிமன்றத்துக்கு எழுதுகிறோம். வேலூரில் 1979 முதல் நடந்துவரும் சிறை மற்றும் சீர்திருத்தப் பயிற்சிக் கழகத்தில் பாடமெல்லாம் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மூதாட்டியின் கேள்வி கற்றுத் தந்தது அதிகம்.

ஆகவே பெரியவரே, நாங்கள் திருடனுக்கு நண்பர்களும்தான், அவனைக் காட்டிக் கொடுக்கிறவர்களும்தான். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் வேலை கெட்டுவிடும். நண்பனாக மட்டும் இருந்தால் ஏமாந்து போவோம். உளவாளியாக மட்டும் இருந்தால் அவன் எங்களிடம் உண்மையே பேச மாட்டான். பேசாதவனைக் காக்கவும் முடியாது, அவனிடமிருந்து ஊரைக் காக்கவும் முடியாது.

இனி ‘பரோல்’. பத்திரிகைகளில் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன; அவற்றில் இதற்கு விடுப்பு என்று பெயர். நெருங்கிய உறவினர் இறந்துவிட்டால், கடுமையாக நோயுற்றால், அல்லது வீட்டில் திருமணம் என்றால் கேட்பது அவசர விடுப்பு. வீட்டைப் பழுதுபார்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பாகம் பிரிக்க, பயிர் வேலை பார்க்க என்று கேட்பது சாதாரண விடுப்பு. இரண்டாவது வகை மனு வந்தால், அவர் போகப்போகும் ஊரில் விசாரித்து எழுதும்படி எங்களுக்கு வரும்.

வரப்புத் தகராறில் கொலை செய்துவிட்டு ஆயுள் தண்டனை அனுபவித்த ஒருவர், வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க விடுப்புக் கேட்டிருந்தார். சிறையில் நன்னடத்தை, ஒரு குறையும் இல்லை. அவருடைய வீட்டுக்குப் போவதற்கு முன் கொலையுண்டவரின் வீட்டுக்குப் போனோம். (பட்டறை முதலாளி கற்றுக்கொடுத்த பாடம் அது.) இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சந்து. விதவைத் தாய் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். கை நிற்காமலே பேசினார்: “வரட்டும். கூரை இல்லாம அவன் பிள்ளைங்களும் மழையில நனையுதுங்க, பாக்கிறேன். ஆனா திருவிழா முடிஞ்சு வரட்டும்யா. என் மகனுக்கு இப்பத்தான் மீசை முளைக்குது.”

எங்களுக்குப் புரிந்துவிட்டது. திருவிழா என்றால் வெளியூரிலிருந்து பங்காளிகள் வருவார்கள். குடி இருக்கும். யாராவது ஒருவன் அந்தப் பையனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான். சிறையில் இருப்பவர் எவ்வளவு திருந்தியிருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை அவரால் தடுக்க முடியாது. விடுப்பைத் திருவிழாவுக்குப் பின் தள்ளலாம், இரவில் அக்காள் ஊரில் தங்கட்டும், பகலில் வந்து கூரை வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பட்டும், அக்காள் ஊர்க் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடட்டும் என்று எழுதினோம். அப்படியே உத்தரவானது. அவர் வந்தார், கூரை வேய்ந்தார், குறித்த நாளில் சிறைக்குத் திரும்பினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்பதை எந்தப் பத்திரிகையும் அச்சிடுவதில்லை. பரோலில் போனவர் தலைமறைவு என்றால் முதல் பக்கத்தில் வரும். எங்கள் வேலையில் பெரும்பகுதி இப்படி அச்சில் வராத வேலைதான். குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னோம்.

இந்தப் பங்கிலே எங்களுக்கு ஆக வேண்டிய காரியம் சில உண்டு. நன்னடத்தைப் பத்திரத்தில் வெளிவருகிறவனுக்கு வேலை தேடிக் கொடுப்பதும் சட்டப்படி எங்கள் கடமை. எங்களிடம் தொழிற்சாலை இல்லை. உங்களில் பட்டறை வைத்திருப்பவர்கள், தையற்கடை, மரக்கடை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். கருணைக்காக ஒருவனைச் சேர்க்க வேண்டாம். வேலை தெரிந்தவனாக இருந்தால், பழைய வழக்கு ஒன்றுக்காக மட்டும் தள்ளாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். நன்னடத்தைச் சட்டத்தில் விடப்பட்டவருக்கு, குற்றத் தீர்ப்பினால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு கிடையாது. அதற்காகத் தீர்ப்பே இல்லாமல் போய்விட்டது என்றும் ஆகாது. உச்ச நீதிமன்றம் 1975-இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே உங்களிடம் எதையும் மறைத்து ஆள் சேர்க்க மாட்டோம். அவனே சம்மதித்து, அவனை வைத்துக்கொண்டே சொல்வோம்.

வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகப் போகிறவர்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் பையன் இரவு தங்குவதில்லை என்பதும் தெரிந்திருக்கும். அதை எங்களிடம் சொல்வதைக் கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த எதிர்வீட்டுக்காரர் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூதாட்டியின் மணிக்கட்டு முறிந்திருக்காது. அந்த வாலிபனும் சிறைக்குப் போயிருக்க மாட்டான் என்றே நம்புகிறோம்.

இன்னும் ஒன்று. இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கோயில் வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் சென்ற வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பெயரைச் சொல்ல மாட்டோம். யாரும் திரும்பிப் பார்த்துத் தேடவும் வேண்டாம். அவருடைய மகன் தவக்காலத்துக்குள் வெளியே வருகிறான். வேலை, பணம் எதுவும் அவர் கேட்கவில்லை. “ஐயா, அவனை ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசைக்குக் கூட்டிட்டு வரலாமா? இல்ல, கூட்டம் இல்லாத நாளாப் பாத்துப் பக்கவாட்டு வாசல் வழியா வரட்டுமா?” என்று கேட்டார். பங்குத் தந்தை அவர்களிடமும் உங்களிடமும் கேட்டுச் சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறோம். வருகிற செவ்வாய்க்கிழமை அவர் மறுபடியும் எங்களைப் பார்க்க வருகிறார்.